பெற்றோருக்கு அனெக்ஸ் உள்ள வீடா, பின்னால் கட்டுவதா, பக்கத்தில் தனி ஃபிளாட்டா? இங்கிலாந்து ஸ்டாம்ப் டியூட்டிக் கணக்கு

"அனெக்ஸ் இருக்கிற வீடு வாங்கினால் ஸ்டாம்ப் டியூட்டி குறையுமாமே, உண்மையா?" லண்டனில் ஹாரோ, குரொய்டன், மிட்சம் (Mitcham) பக்கம் வீடு தேடும் நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. கேட்பவர்களின் நிலைமையும் ஏறக்குறைய ஒன்றுதான். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இருக்கிற வீடு போதவில்லை, அம்மா அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரே சமையலறையில் இரண்டு குடும்பம் என்றால் யாருக்கும் நிம்மதி இருக்காது. அனெக்ஸ் என்பது அதே வீட்டிலோ வளவிலோ தனிச் சமையலறையும் குளியலறையுமாக இருக்கும் சிறு குடியிருப்பு. ஸ்டாம்ப் டியூட்டி என்பது வீடு வாங்கும்போது அரசுக்குக் கட்டும் வரி.

ஒரு காலத்தில் குறைந்தது உண்மைதான். 2011 ஜூலை முதல் 'மல்டிபிள் டுவெல்லிங்ஸ் ரிலீஃப்' என்று ஒரு சலுகை இருந்தது. சுருக்கமாக எம்.டி.ஆர். ஒரே கொள்முதலில் இரண்டு குடியிருப்புகள் இருந்தால் மொத்த விலையை இரண்டாகப் பிரித்து, அந்தச் சராசரிக்கு வரி போட்டு, அதை இரண்டால் பெருக்குவார்கள். 2023-ல் அனெக்ஸோடு 9 லட்சம் பவுண்டுக்கு ஒரு வீடு வாங்கியிருந்தால் சாதாரண வரி 32,500. எம்.டி.ஆர். கிடைத்திருந்தால் 20,000. பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு பவுண்டு மிச்சம் என்றால் யார்தான் கேட்கமாட்டார்கள்?

2024 மார்ச் 6 பட்ஜெட்டில் இதை நீக்குவதாக அறிவித்து, அந்த ஆண்டு ஜூன் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். மார்ச் 6-க்குள் ஒப்பந்தம் பரிமாறியவர்களுக்கு மட்டும் விலக்கு. எனவே இன்று வீடு தேடுபவருக்கு அனெக்ஸால் வரி குறையாது. மிஞ்சியிருப்பது ஒரு பாதுகாப்பு மட்டும்: அனெக்ஸ் இருப்பதற்காக இரண்டாம் வீட்டு மேல்வரி விழாமல் காக்கும் மூன்றிலொரு பங்கு விதி.

அனெக்ஸை விட வரியை அதிகம் ஏற்றி இறக்குவது பத்திரத்தில் யார் பெயர் ஏறுகிறது என்பதுதான். அம்மா அப்பா பெயரையும் 'மரியாதைக்கு' சேர்த்துக்கொள்வதால் 45,000 பவுண்டு கூடுதலாகப் போகலாம். ஆகவே வழிகளை ஒப்பிடும்போது பெயர்க் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இங்கே எழுதும் ஸ்டாம்ப் டியூட்டி விதிகள் இங்கிலாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் மட்டும். கவுன்சில் டாக்ஸ் (கவுன்சிலுக்கு ஆண்டுதோறும் கட்டும் வீட்டு வரி), திட்ட அனுமதி பற்றிச் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வரியே வேறு, விதிகளும் வேறு.

## எதை வைத்து எடைபோடுவது

வாங்கும் நாளில் கட்டும் வரி முதல் அளவுகோல். அதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்கு அடுத்து, ஆண்டுதோறும் போகும் செலவு: கவுன்சில் டாக்ஸ், பராமரிப்பு. மூன்றாவது, வீட்டை மாற்றும்போதோ விற்கும்போதோ கை கட்டப்பட்டிருக்குமா என்பது. நான்காவது, பெற்றோர் உண்மையில் எத்தனை மாதம் இங்கே இருப்பார்கள், அவர்களின் அன்றாடம் எப்படிப் போகும் என்பது. என் கணக்கில் இந்தக் கடைசி அளவுகோலுக்குத்தான் எடை அதிகம். வரியை ஒரு முறை கட்டினால் போதும். பஸ் நிறுத்தம் இல்லாத தெருவில் அம்மா தினமும் இருக்க வேண்டும்.

வழிகள் மூன்று: அனெக்ஸோடு சேர்ந்த வீட்டை வாங்குவது, சாதாரண வீட்டை வாங்கிப் பின்னால் அனெக்ஸ் கட்டுவது, வீடு ஒன்றும் பக்கத்திலேயே சிறிய ஃபிளாட் ஒன்றும் வாங்குவது.

## எல்லா வழிக்கும் பொதுவான வரி விதிகள்

2025 ஏப்ரல் 1 முதல் வீதங்கள் இவை. விலையில் முதல் 1,25,000 பவுண்டுக்கு வரி இல்லை. அங்கிருந்து 2,50,000 வரை 2%. அதற்கு மேல் 9,25,000 வரை 5%. அதன் பிறகு 15 லட்சம் வரை 10%, அதற்கும் மேலே 12%.

கைவசம் வேறு வீடு இருந்து, இப்போது வாங்குவது பழைய குடியிருப்புக்கு மாற்றாக இல்லையென்றால், ஒவ்வொரு படியிலும் 5% கூடும். 2016-ல் 3% ஆகத் தொடங்கியதை 2024 அக்டோபர் 31-ல் 5% ஆக்கினார்கள். இந்த மேல்வரி முதல் பவுண்டிலிருந்தே விழும். வரியில்லாப் படி என்று எதுவும் இல்லை. வாங்குபவர் பிரிட்டனில் வசிக்காதவர் என்றால் இன்னுமொரு 2%. வாங்கும் நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் 183 நாளாவது இங்கே இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வசிக்காதவர் கணக்குத்தான். பிறகு வந்து தங்கி 183 நாளை நிரப்பினால் திரும்பக் கேட்க வழியுண்டு.

நம்மவர்கள் தவறவிடும் இடம் 'வேறு வீடு' என்ற சொல்தான். உலகத்தில் எங்கே இருந்தாலும் வீடு வீடுதான். யாழ்ப்பாணத்து வீடும் கணக்கு, திருச்சி வீடும் கணக்கு. உங்கள் உரிமையின் மதிப்பு 40,000 பவுண்டைத் தொட்டால் போதும். கணவன் மனைவி இருவரையும் ஒருவராகவே பார்ப்பார்கள். அதனால் மனைவி பெயரில் சீதனமாக எழுதிய வீடு கணவனின் கணக்கிலும் வரும். அப்பா சீவிய உரித்தை (வாழும்வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு மகன் பெயருக்கு எழுதிவிட்ட வீடு இருந்தால், மகன் 'எனக்கு வீடே இல்லை' என்று சொலிசிட்டரைக் கேட்காமல் சொல்லிவிடக் கூடாது. வெறும் காணி, தோட்டம், வயல் கணக்கில் வராது. கடந்த மூன்று ஆண்டுக்குள் பரம்பரையாக வந்த பங்கு பாதிக்கு மேல் போகாவிட்டால் அதையும் விட்டுவிடுவார்கள்.

சரி, இங்கே குடியிருக்கும் சொந்த வீட்டை விற்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறவர்? ஊரில் எத்தனை வீடு இருந்தாலும் அவருக்கு மேல்வரி இல்லை, குடியிருப்பை மாற்றுகிறார் அவ்வளவுதான். சிக்கல் இத்தனை நாள் வாடகையில் இருந்துவிட்டு முதல்முறை வாங்குபவருக்கு. ஊரில் வீடு இருந்தால் முதல்முறை வாங்குவோர் சலுகையும் கிடைக்காது, மேல்வரியும் விழும். பழைய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் புதிதாக வாங்குபவருக்கும் மேல்வரிதான். மூன்று ஆண்டுக்குள் பழையதை விற்றால் திரும்பப் பெறலாம்.

சேர்ந்து வாங்கும்போது ஒருவருக்கு மேல்வரி பொருந்தினால் போதும், முழு விலைக்கும் விழும். வசிக்காதவர் விதியும் அப்படியே. சேர்ந்து வாழும் கணவன் மனைவியில் ஒருவர் இங்கே வசித்தால் அங்கே விலக்கு உண்டு. மகனும் அப்பாவும் சேர்ந்து வாங்கினால் அந்த விலக்கு இல்லை.

## ஒரே குடும்பம், மூன்று கணக்கு

மகனும் மருமகளும் தங்கள் பழைய வீட்டை விற்றுவிட்டு வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அனெக்ஸோடு வீடு 9 லட்சம் பவுண்டு. அதில் அனெக்ஸின் பங்கு 2,20,000. அனெக்ஸ் இல்லாத அதே மாதிரி வீடு 6,80,000. தனி ஃபிளாட் 2,20,000. அனெக்ஸ் கட்டும் செலவை வாட் (மதிப்புக் கூட்டு வரி) நீங்கலாக ஒரு லட்சம் என்று எடுத்துக்கொள்கிறேன். எல்லாம் உதாரணத்துக்காக எடுத்த எண்கள். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

| | அனெக்ஸ் உள்ள வீடு | வாங்கிப் பின்னால் கட்டுவது | வீடும் ஃபிளாட்டும் |
|---|---|---|---|
| ஸ்டாம்ப் டியூட்டி, மகன் மருமகள் பெயர் மட்டும் | 35,000 | 24,000 | 24,000 + 12,900 |
| வேறு வரி | இல்லை | கட்டட வாட் 20,000 வரை | இல்லை |
| ஊரில் வீடு வைத்திருக்கும் பெற்றோர் பெயரும் சேர்ந்தால் | 80,000 | 58,000 | வீட்டில் அவர்கள் பெயர் தேவையில்லை |
| ஃபிளாட் பெற்றோர் பெயரில், அவர்களுக்கு வேறு வீடு இல்லை | – | – | 24,000 + 1,900 |
| கவுன்சில் டாக்ஸ் | இரண்டு பில், தள்ளுபடி உண்டு | இரண்டு பில், தள்ளுபடி உண்டு | இரண்டு முழு பில் |
| தனியாக விற்கலாமா | பெரும்பாலும் முடியாது | முடியாது | முடியும் |

முதல் வரிசையையும் மூன்றாம் வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த வழியைத் தேர்ந்தாலும் ஸ்டாம்ப் டியூட்டி வித்தியாசம் 13,000 பவுண்டுக்குள்தான். அனெக்ஸ் வீட்டில் பெயர் சேர்ந்தால் 45,000. பெற்றோர் இன்னும் 183 நாள் இங்கே தங்காதவர்கள் என்றால் அனெக்ஸ் வீட்டுக்கு மேலும் 18,000 சேர்ந்து மொத்தம் 98,000 ஆகும்.

## வழி 1: அனெக்ஸோடு சேர்ந்த வீடு

முதலில் ஏஜென்ட் 'அனெக்ஸ்' என்று எழுதியதெல்லாம் அனெக்ஸ் ஆகிவிடாது. பார்க்கப் போகும்போது சில விஷயங்களைக் கையால் தொட்டே பாருங்கள். வெளியிலிருந்து தனி வாசல் இருக்கிறதா? வீட்டுக்கும் அனெக்ஸுக்கும் நடுவில் கதவு இருந்தால் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்? சமையல் மூலையில் அடுப்புக்கான இணைப்பு இருக்கிறதா, இல்லை ஒரு சிங்க்கும் மைக்ரோவேவுக்குப் பலகையும் மட்டுமா? கொதிகலன் எங்கே, கரண்ட் மீட்டர் ஒன்றா இரண்டா? தனியாக ஒரு குடும்பம் தூங்க, சமைக்க, குளிக்க, கதவை அடைத்துக்கொள்ள முடிந்தால்தான் சட்டப்படி அது தனிக் குடியிருப்பு. 2021-ல் மேல் தீர்ப்பாயத்துக்குப் போன ஒரு வழக்கில் வீட்டையும் அனெக்ஸையும் இணைத்த நடைவழியில் கதவே இல்லை. இரண்டு குடியிருப்பு என்ற வாதம் அங்கேயே விழுந்தது.

அன்றைக்கு வாங்கியவர்கள் "இது தனி வீடு" என்று வாதாடினார்கள், வரித்துறை "இல்லை, ஒரே வீடு" என்றது. எம்.டி.ஆர். போன பிறகு நிலைமை தலைகீழ். இப்போது அனெக்ஸ் தனிக் குடியிருப்பாக இருப்பதால் வாங்குபவருக்கு ஸ்டாம்ப் டியூட்டியில் ஒரு லாபமும் இல்லை. ஆபத்து மட்டும் உண்டு.

அந்த ஆபத்து இதுதான். ஒரே கொள்முதலில் 40,000 பவுண்டுக்குக் குறையாத இரண்டு குடியிருப்புகள் இருந்தால், பழைய வீட்டை விற்றுவிட்டு வந்தவருக்கும் 5% மேல்வரி விழும். இதிலிருந்து காப்பதுதான் மூன்றிலொரு பங்கு விதி. அனெக்ஸ் அதே கட்டடத்திலோ அதே வளவிலோ இருக்க வேண்டும். மொத்த விலையில் பிரதான வீட்டின் பங்கு மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையக் கூடாது. இரண்டும் பொருந்தினால் அனெக்ஸைத் தனியாக எண்ணமாட்டார்கள்.

எல்லைக்கோட்டில்தான் வேடிக்கை. 9 லட்சம் வீட்டில் அனெக்ஸின் மதிப்பு சரியாக 3 லட்சம் என்றால் மேல்வரி பூஜ்யம். 3,01,000 என்றால் முழு 9 லட்சத்துக்கும் 5%, அதாவது 45,000. ஆயிரம் பவுண்டு மதிப்பீட்டு வித்தியாசத்துக்கு இந்த விலை.

பெரும்பாலான அனெக்ஸ்கள் இந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கும். ஒரு படுக்கையறை, ஒரு குளியலறை, சிறு சமையலறை கொண்டது கால் பங்கைத் தாண்டுவது அரிது. கவனிக்க வேண்டியது இரண்டு மூன்று படுக்கையறையோடு, கிட்டத்தட்ட பாதி வீடு போல இருக்கும் அனெக்ஸைத்தான். அப்படி இருந்தால் எக்ஸ்சேஞ்சுக்கு, அதாவது ஒப்பந்தம் பரிமாறுவதற்கு, முன்பே ஒரு சர்வேயரிடம் மதிப்பைப் பிரித்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பரப்பளவை மட்டும் வைத்துப் பிரிப்பது போதாது. நியாயமான பிரிப்பு என்று காட்ட வேண்டும். ஸ்டாம்ப் டியூட்டி ரிட்டர்ன் கடைசித் தேதிக்குப் பிறகு ஒன்பது மாதம் வரை வரித்துறை கணக்கைத் திறந்து கேள்வி கேட்கலாம்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். தனிச் சமையலறையும் குளியலறையும் உள்ள அனெக்ஸைக் கவுன்சில் டாக்ஸுக்குத் தனியாகவே மதிப்பிடுவார்கள், பெரும்பாலும் அடிமட்டமான ஏ பிரிவில். அந்த பில்லைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். குடும்பத்தவர் அதில் இருந்தாலோ, நீங்களே வீட்டின் பகுதியாகப் பயன்படுத்தினாலோ 50% தள்ளுபடி. 65 வயதைக் கடந்த அல்லது கடுமையான உடற்குறையுள்ள, உங்களைச் சார்ந்த உறவினர் அதையே நிரந்தர வீடாகக் கொண்டு வசித்தால் முழு விலக்கு. யாரும் இல்லாமல் காலியாக இருந்து, தனியாக வாடகைக்கு விடத் திட்ட அனுமதி தடுத்தால் அதற்கும் விலக்கு. ஆனால் எதுவும் தானாக வராது, கவுன்சிலுக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

மோர்ட்கேஜ் கொடுப்பவர், அங்கே வசிக்கப்போகும் பெரியவர்கள் எல்லோரிடமும் ஒரு சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பார். கடன் கட்டாமல் போனால் வங்கியின் உரிமைக்கு முன் தங்கள் குடியிருப்பு உரிமையை வைக்கமாட்டோம் என்பதே அதன் சாரம். தன் சேமிப்பை அந்த வீட்டில் போட்ட அப்பா இதில் கையெழுத்திடுமுன் அவருக்கென்று ஒரு தனிச் சொலிசிட்டரைப் பார்ப்பது நல்லது. இதைச் சொன்னால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

முன்பிருந்தவர் அனுமதி இல்லாமல் கட்டிய அனெக்ஸ்களும் ஏராளம். திட்ட அனுமதி, கட்டட விதிகளின் நிறைவுச் சான்றிதழ் இரண்டையும் கேளுங்கள். 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் விதிமீறலுக்கு நடவடிக்கை எடுக்கும் காலம் நான்கிலிருந்து பத்து ஆண்டாகிவிட்டது. "கட்டி நாலு வருஷம் ஆனால் ஒன்றும் செய்ய முடியாது" என்ற பழைய சமாதானம் அந்தத் தேதிக்குப் பிறகு கட்டி முடித்தவற்றுக்குச் செல்லாது.

இந்த வழி யாருக்கு நல்லது? பெற்றோர் ஏற்கெனவே இங்கே நிரந்தரமாக இருப்பவர்களாகவும், இருவரில் ஒருவருக்காவது அருகில் ஆள் தேவைப்படுபவராகவும் இருந்தால். இரவில் அம்மா கூப்பிட்டால் கேட்கும் தூரம் என்பதில் இதற்கு வழி 2 மட்டும்தான் போட்டி.

## வழி 2: வாங்கிப் பின்னால் கட்டுவது

ஸ்டாம்ப் டியூட்டி குறைவு என்பதுதான் கண்ணில் படும் லாபம். நம் உதாரணத்தில் 11,000. ஆனால் வரி இங்கே வேறு வாசலால் நுழைகிறது. அனெக்ஸைத் தனியாக விற்கவோ பயன்படுத்தவோ கூடாது என்று திட்ட அனுமதி நிபந்தனை போட்டால், புது வீட்டுக்குரிய பூஜ்ய வாட் கிடைக்காது; 20% விழும். பெற்றோருக்கான அனெக்ஸ் என்று விண்ணப்பித்தால் இந்த நிபந்தனை வராமல் இருப்பது அபூர்வம். விற்றுமுதல் 90,000 பவுண்டுக்குக் கீழே உள்ள, வாட் பதியாத சின்ன ஒப்பந்தக்காரர் என்றால் கூலிக்கு வாட் இருக்காது. பொருளின் விலைக்குள் அது எப்படியும் ஒளிந்திருக்கும்.

தோட்டத்து அறை விற்பவர்கள் "அனுமதியே தேவையில்லை" என்பார்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்கும் அலுவலக அறைக்கும் அது சரி. அதற்குள் கட்டில், குளியலறை, அடுப்பு எல்லாம் வந்து ஒருவர் குடியிருந்தால் அது வீட்டுக்குத் துணையான கட்டடம் என்ற வரையறையைத் தாண்டிவிடும், அனுமதி வேண்டும். சக்கரத்தில் வைத்து நகர்த்தக்கூடிய 'மொபைல்' அனெக்ஸ்களைச் சட்டம் காரவன் என்று கருதுவதால் தனி வழி இருக்கிறது. அதில் போவதானால் சட்டபூர்வச் சான்றிதழை முதலில் வாங்கிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

புதுக் கட்டடங்களுக்குக் கவுன்சில்கள் வசூலிக்கும் கட்டமைப்பு வரி ஒன்று உண்டு, 'சில்' (CIL) என்பார்கள். லண்டனில் மேயரும் தனியாக வசூலிக்கிறார். சொந்த வீட்டு அனெக்ஸுக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் வேலை தொடங்குமுன் விண்ணப்பித்து விலக்கு வாங்கியிருக்க வேண்டும். அஸ்திவாரம் தோண்டிவிட்டு விண்ணப்பித்தால் விலக்கு போச்சு. கட்டி மூன்று ஆண்டுக்குள் அனெக்ஸை வாடகைக்கு விட்டாலும் திரும்பக் கட்டச் சொல்வார்கள்.

இத்தனை தொல்லை இருந்தும் பலருக்கு இதுதான் நல்ல வழி என்பேன், ஒரு காரணத்துக்காக: முடிவைத் தள்ளிப்போடலாம். பெற்றோர் வருவார்களா, வந்தால் தங்குவார்களா என்று தெரியாத நிலையில் அனெக்ஸுக்கு 2,20,000 கொடுப்பதைவிட, பெரிய வளவும் பக்கவாட்டு வழியும் உள்ள வீடாகப் பார்த்து வாங்கிவிட்டு, ஒரு குளிர்காலத்தை அவர்கள் இங்கே கழித்த பிறகு முடிவெடுக்கலாம்.

ஊரிலிருந்து வருபவர்களின் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். 2012 ஜூலைக்குப் பிறகு வயது வந்த சார்ந்த உறவினர் விசா கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. பெரும்பாலான பெற்றோர் வருகையாளர் விசாவில் வந்து, அதிகபட்சம் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு அனெக்ஸ் நிரந்தர வீடு ஆகாது. கவுன்சில் டாக்ஸின் முழு விலக்கும் கிடைக்காது, பாதித் தள்ளுபடியோடு நிற்க வேண்டும். வருகைக்கு மட்டும் என்றால் அனெக்ஸே வேண்டாம். கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும் படியில்லாத குளியலறையும் போதும். ஸ்டாம்ப் டியூட்டியும் ஏறாது, கவுன்சில் டாக்ஸும் இரண்டு பில்லாகப் பிரியாது.

## வழி 3: வீடு ஒன்று, ஃபிளாட் ஒன்று

காகிதத்தில் இது அதிக வரி கட்டும் வழி போலத் தெரியும். மகன் பெயரில் ஃபிளாட் வாங்கினால் 2,20,000-க்கு 12,900 வரி. ஆனால் இங்கேயே வாழ்ந்து, வேறு வீடு எதுவும் இல்லாத, அல்லது இருந்ததை விற்றுவிட்ட பெற்றோர் தங்கள் பெயரிலேயே வாங்கினால் 1,900 மட்டுமே. இரண்டாம் வழியின் கட்டட வாட்டையும் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலும் மூன்று வழியிலும் மிகக் குறைந்த வரியில் மொத்தக் குடும்பமும் கூரைக்குள் வந்துவிடுகிறது. ஊர் வீட்டை விற்காத பெற்றோருக்கு அதே 12,900. வசிக்காதவர் என்றால் 17,300.

பணம் மகனுடையது, பெயர் மட்டும் அப்பாவுடையது என்றால்? அப்பாவுக்கு உண்மையாகவே கொடுத்துவிட்ட பணம் என்றால் சரி. உள்ளுக்குள் "ஃபிளாட் என்னுடையது, அப்பா பெயரில் இருக்கட்டும்" என்ற ஏற்பாடு என்றால் உண்மையில் பலன் அனுபவிப்பவரையே வாங்கியவராகச் சட்டம் கொள்ளும். அப்போது மேல்வரி விழும். மறைத்துக் கட்டாமல் விட்டால் அபராதமும் சேரும்.

செலவுகள் வேறு மாதிரி. ஃபிளாட் என்றால் பெரும்பாலும் லீஸ்ஹோல்ட், அதாவது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் உரிமை. சர்வீஸ் சார்ஜ் ஆண்டுக்காண்டு ஏறும், லீஸில் எத்தனை ஆண்டு மிச்சம் என்று பார்க்க வேண்டும். கவுன்சில் டாக்ஸ் முழுசாக வரும். ஒருவர் மட்டும் வசித்தால் கால் பங்கு தள்ளுபடி. வாடகைக்கு விடுவதற்கான சாதாரண பை-டு-லெட் கடனில் வாங்கிய ஃபிளாட்டில் சொந்தப் பெற்றோரைக் குடிவைக்க முடியாது, அதற்கென்ற கடனைத் தேட வேண்டும். மகன் பெயரில் இருந்து பின்னால் விற்றால் மூலதன ஆதாய வரி: வருமானத்தைப் பொறுத்து 18% அல்லது 24%, முதல் 3,000 பவுண்டு மட்டும் விலக்கு, விற்ற 60 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். அனெக்ஸ் குடும்ப வீட்டின் பகுதியாகவே இருந்திருந்தால் பொதுவாக இந்த வரி வராது. அதை வெளியாருக்கு வாடகைக்கு விட்டிருந்தால் அந்தப் பங்குக்கு விலக்கு குறையும். பெற்றோர் பெயரில் உள்ள ஃபிளாட் அவர்களுக்குப் பின் வாரிசு வரிக் கணக்கில் வரும், அவர்கள் ஊரில் வசித்தாலும்.

இதையெல்லாம் கூட்டிக் கழித்தாலும், நடமாட முடிந்த பெற்றோருக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த வழியைத்தான். அனெக்ஸ் உள்ள வீடுகள் அகன்ற வளவு உள்ள இடங்களில், அதாவது ஊருக்கு வெளியே, கார் இல்லாமல் அசைய முடியாத தெருக்களில்தான் அதிகம். டூட்டிங்கிலோ வெஸ்ட் ஈலிங்கிலோ சிறு ஃபிளாட் என்றால் கோயிலுக்கு நடக்கலாம், முருங்கைக்காய் வாங்க நடக்கலாம், லண்டனில் வசிப்பவருக்கு 60 வயதிலிருந்தே இலவசப் பயண அட்டை உண்டு. மகன் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு எட்டு மணிநேரம் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். தேவை முடிந்தால் ஃபிளாட்டைத் தனியாக விற்றுவிடலாம் என்பது இன்னொரு வசதி.

## அப்பாவின் பணம், பத்திரத்தின் பெயர்

மூன்று வழியிலும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது. ஊர் வீட்டையோ இங்குள்ள வீட்டையோ விற்ற பணத்தைப் பெற்றோர் மகன் வீட்டில் போடுகிறார்கள். பத்திரத்தில் பெயர் போட்டால் மேல்வரி ஆபத்து. பெயர் போடாமல், தனியாக ஒரு ட்ரஸ்ட் பத்திரம் எழுதிப் பங்கு வைத்தாலும் ஸ்டாம்ப் டியூட்டிக்கு அவர்களும் வாங்கியவர்களே. அங்கே தப்பிக்க வழியில்லை. வெறும் அன்பளிப்பாகக் கொடுத்தால் வரி தப்பும். ஆனால் வீட்டில் எங்களுக்கு உரிமை இல்லை என்று வங்கிக்கு அவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். பின்னால் முதியோர் பராமரிப்புக்குக் கவுன்சிலை நாடும்போது, செலவைத் தவிர்ப்பதற்காகக் கொடுத்த பணமா என்று கேட்பார்கள். கனடாவில் இருக்கும் தங்கையும் கேட்பாள், கவுன்சிலைவிடக் கறாராக.

ஊர் வீட்டை விற்கப்போவது நிச்சயம் என்றால், விற்ற பிறகு பெயரைச் சேர்த்து வாங்குவதுதான் சுத்தம். அவசரமாக முதலில் வாங்க நேர்ந்து, ஊர் வீடு அவர்கள் குடியிருந்த பிரதான வீடாகவும், புது வீடு இனி அவர்களின் பிரதான வீடாகவும் இருந்தால், மூன்று ஆண்டுக்குள் விற்று மேல்வரியைத் திரும்பக் கேட்கலாம். வருகையாளர் விசாவில் வந்து போகிறவர்கள் "இதுதான் எங்கள் பிரதான வீடு" என்று நிறுவுவது கஷ்டம்.

## ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு வரும் கடிதங்கள்

"உங்கள் வீட்டில் அனெக்ஸ் இருப்பதாகத் தெரிகிறது, ஸ்டாம்ப் டியூட்டியில் ஆயிரக்கணக்கில் திரும்பப் பெற்றுத் தருகிறோம், கிடைத்தால் மட்டும் கமிஷன்" என்று கடிதமும் தொலைபேசி அழைப்பும் வந்துகொண்டே இருக்கின்றன. எம்.டி.ஆர். கோரிக்கையை ரிட்டர்னிலோ, ரிட்டர்ன் கடைசித் தேதிக்குப் பின் 12 மாதத்துக்குள் செய்யும் திருத்தத்திலோதான் வைக்க முடியும். 2024 மே 31-ல் கம்ப்ளீஷன் (வீடு கைமாறுவது) முடித்தவருக்கு அந்தக் கதவு 2025 ஜூன் 14-ல் மூடிவிட்டது. 2024 மார்ச் 6-க்குள் எக்ஸ்சேஞ்ச் செய்து வெகு தாமதமாகக் கம்ப்ளீஷன் முடித்த சிலருக்கு மட்டும் இன்னும் காலம் இருக்கலாம். அவர்கள் தங்கள் சொலிசிட்டரையே கேட்டுக்கொள்ளலாம். மற்றவர்கள் பெயரில் போகும் கோரிக்கை தவறு என்று பின்னால் தெரிந்தால் வாங்கிய பணத்தையும் வட்டியையும், சிலவேளை அபராதத்தையும் கட்ட வேண்டியவர் வீட்டுக்காரர்தான். கமிஷனை எடுத்துக்கொண்டு போனவரை அதற்குள் தேடிப் பிடிப்பது கஷ்டம்.